முட்டு 88

ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது:
கட்டடம் முதலில் கணினியில் எழும்ப வேண்டும்,
களுவாஞ்சிகுடி மணலில் அதற்குப் பிறகுதான்.
"அந்த மென்பொருளுக்குக் குடுக்கிற காசில
எட்டு டிப்பர் மணல் இறக்கலாம்" என்றார் ஹில்மி ஹாஜியார்.
இறக்கவில்லை. வாங்கினார்.
கையொப்பமிடும்போது பேனையை இரண்டு தரம் உதறினார்.

கல்முனையில், சைக்கிள் கடைக்கு மேலே,
மின்வெட்டுக்குப் பயந்து நிமிடத்துக்கொருமுறை சேமித்தபடி
மூன்று மாடி எழுப்பினேன்.
தூண், பீம், படி, மலசலகூடம்,
பிரசவ அறைக்கு மேலால் ஓடும் ஒட்சிசன் குழாய்.
ஒவ்வொரு கதவுக்கும் பெயர், எடை, விலை,
எந்த வருடம் பிணைச்சல் மாற்றவேண்டும் என்பது வரை.
எனக்கே அவ்வளவு குறிப்பு எவரும் எழுதிவைத்ததில்லை.

மறுநாள் இயந்திரம் தன் கணக்கைச் சொன்னது.
குழாயும் பீமும் ஒரே இடத்தில் இருக்க நினைத்த இடங்கள்
இருநூற்றுப் பதினாலு.
தளத்துக்குத் தமிழில் அனுப்ப வேண்டும்.
தலைப்பிட்டேன்: மோதல் அறிக்கை.
கீழே வரிசையாகக்
கடும் மோதல், மென் மோதல், மோதல் நடந்த இடம், நேரம்

கை நின்றது.
இந்தத் தாளைச் சின்ன வயதில் வாசித்திருக்கிறேன்,
சீனி சுற்றி வந்த பத்திரிகைத் துண்டில்.
இதே எழுத்து, இதே வரிசை.
கடைசியில் மட்டும் ஆட்களின் எண்ணிக்கை.
அனுப்பிவிட்டேன். வேறு சொல் வரவில்லை.

கம்பி கட்டும் தங்கேஸ்வரன் போனில் வாசித்துவிட்டு எடுத்தார்.
"இருநூத்திப் பதினாலு மோதலா மிஸ்?
ஆக்களுக்கு ஒண்டுமில்லியே?"
பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
"முட்டு எண்டு போடுங்க. குழாய் பீமில முட்டுது,
அவ்வளவுதானே."
திருத்தினேன்.
முட்டு 1. முட்டு 2. முட்டு 3.

மறுகா பேச்சுவார்த்தை.
செவ்வாய் தோறும் திரையைச் சுற்றி இருந்து:
ஆர் விலகுவது?
குளிர்காற்றுக் குழாய் பெரியது, விலையும் பெரியது.
மின்கம்பி எங்கும் வளையும்.
முதல் உரிமை மலக்குழாய்க்கு.
அதற்குள் போகிற தண்ணீருக்கு
இறங்க மட்டும்தான் தெரியும்,
அதன் சரிவை எவரும் தொடக்கூடாது.

ஹாஜியார் நெடுநேரம் மேசையைப் பார்த்தார்.
போன வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில்
இறுகின பீமைத் துளைத்து நாலு கம்பி அறுத்தது
அவருக்குத் தெரியும், தங்கேஸ்வரனுக்குத் தெரியும்.
எனக்கும் தெரியும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.
"கொங்கிறீட் போட முதல் சிலீவ் வைங்க" என்றார்.
"எல்லா இடத்திலயும்."

இரண்டு நாள் இருக்கையில்
தங்கேஸ்வரன் பலகையில் சோக்கட்டியால் எழுதிப்போனார்,
சிலீவ் வரும் இடமெல்லாம்:
முட்டு 31, முட்டு 57, முட்டு 88.
இரவு வேலைக்கு வந்தவர் கிருபைராசா, சட்டரிங் பாஸ்.
அறிக்கையை அவர் வாசிக்கவில்லை. சோக்கட்டியை வாசித்தார்.
காலையில் நான் போனபோது
எழுதிய இடம் ஒவ்வொன்றின் கீழும்
ஒரு சவுக்குக் கம்பு நிமிர்ந்து நின்று
பலகையைத் தாங்கிக்கொண்டிருந்தது.
"முட்டுக் குடுக்கச் சொல்லித்தானே எழுதிக் கிடந்தது?"

சரிதான். அப்படித்தான் எழுதிக் கிடந்தது.

கலவை லொறி வந்தது. வாவிப் பக்கம் மழை இருட்டு.
கொங்கிறீட் வெற்றுக் குழாய்களைச் சுற்றி இறங்கி
அவற்றுக்குள் மட்டும் போகாமல் இறுகியது.
ஒரு முட்டையும் எவரும் எடுக்கவில்லை.

மாலை மாதிரியைத் திறந்தேன்.
இருநூற்றுப் பதின்மூன்று தீர்ந்தது.
எண்பத்தெட்டில் இன்னும் மூன்று மில்லிமீற்றர்.
'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று அடைத்தேன்.
அதன் கீழ் நிற்கிற சவுக்குக் கம்புக்கு
மென்பொருளில் வகை இல்லை.
'ஏனையவை'க்குள் ஓர் உருளை வரைந்தேன்.
பெயர் கேட்டது.
கிருபைராசா என்று போட்டேன்.