இருபத்தைந்து வகுத்தல் இருபது

கோப்பின் பதினேழாம் தாளில்
பென்சிலால் ஒரு வகுத்தல் கணக்கு.
தூரம் இருபத்தைந்து கிலோமீட்டர், வேகம் இருபது,
விடை எழுபத்தைந்து நிமிடம்.
அடியில் அழுத்தி இரண்டு கோடு.
ஐம்பத்திரண்டு வருடமாக
எவால்ட் தீஸ்லெர் அந்தக் கோடுகளுக்குப் பின்னால்
பத்திரமாக இருக்கிறார்.

1971, பிப்ரவரி. கடல் உறைந்து
எஸ்தோனியக் கரைக்கும் தீவுக்கும் நடுவே
லாரிகூடப் போய்வந்த காலம்.
கரைச் சாவடிக் காவலர் குறித்திருக்கிறார்:
பச்சை மாஸ்க்விச், ஓட்டுநர் மட்டும், இரவு எட்டு பத்து.
தீவுச் சாவடிக் காவலர் தேநீர் குடிக்கப் போயிருந்தார்.
வந்து சேர்ந்த நேரம் என்ற கட்டத்தில்
ஒரு சிறு கோடு.

எட்டு நாற்பதுக்கு ஹெல்யு
தீவின் தபால் நிலையத்திலிருந்து
இரவுப் பணியின் கடைசித் தந்தியை அனுப்பினாள்:
"கம்பளி நூல் கிடைத்தது. நிறம் வேறு."
ஒன்பது பத்துக்கு, அடுப்புக்கு விறகு போட வந்தவர்
கவுன்டருக்குப் பின்னால் ஒரு செருப்பைப் பார்த்தார்.
பிறகு அவளை.
அந்த நேரம் எவால்ட் நடுக்கடலில்.
பென்சில் அப்படித்தான் சொல்கிறது.

ஏன் இருபது என்று யாரும் கேட்கவில்லை.
சாவடிப் பலகையில் எழுதியிருந்தது, அதனால் இருபது.
கழுத்தை நெரிக்கப் போகிறவன்
வேக வரம்பை மீறமாட்டான் என்று
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்தவர்
நம்பியிருக்கிறார்.
நல்ல மனிதர்.

பனிச் சாலையில் ஓட்டியவர்களைத் தேடிக் கேட்டேன்.
இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே போகக் கூடாது என்றார்கள்;
கட்டிக்கு அடியில் தண்ணீர் அலையெடுத்து
முன்னால் ஓடிப் பாதையை உடைக்கும்.
ஊர்ந்து போ, இல்லை பறந்து போ.
நடுவில் போகிறவனைத்தான் கடல் வாங்கிக்கொள்ளும்.

அறுபதில் பறந்தால் இருபத்தைந்து நிமிடம்.
எட்டு முப்பத்தைந்துக்குக் கரை.
தபால் நிலையத்துக்கு மூன்று நிமிட நடை.
மீதி இரண்டு நிமிடம்
ஜன்னலுக்கு வெளியே நின்று
தந்திப் பொறியின் சத்தம் ஓயக் காத்திருக்கலாம்.
இருக்கலாம்.
இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு
எந்த நீதிபதியின் கதவைத் தட்டுவது?

முதியோர் இல்லத்தில் போய்ப் பார்த்தேன். வயது எண்பத்து மூன்று.
இடது காதின் மேல் விளிம்பு இல்லை.
குளிர் கடித்தது என்கிறது மறுநாள் மருந்தகச் சீட்டு.
"கதவைத் திறந்து வைத்துத்தானே ஓட்டுவோம், அம்மா.
உடைந்தால் குதிக்க வேண்டாமா?"
என்ன வேகம்?
"பலகையில் போட்டிருந்த வேகம்."
சொல்லிவிட்டு, இல்லாத விளிம்பைத் தொட்டுக்கொண்டார்.

மருத்துவரிடம் கேட்டேன்,
மெதுவாக எழுபத்தைந்து நிமிடமா, வேகமாக இருபத்தைந்தா,
எது தின்றிருக்கும் அந்தக் காதை?
இரண்டும் தின்னும் என்றார்.

அதே வருடத்து மாஸ்க்விச் ஒன்றை வாங்கி
சோவியத்காரர்கள் விட்டுப்போன ஓடுபாதையில்
கதவைத் திறந்துவைத்து, அறுபதில்,
இருபத்தைந்து நிமிடம் மேலும் கீழும் ஓட்டினேன்.
மைனஸ் இரண்டு.
என் காது சிவந்தது, அவ்வளவுதான்.

கடலிலேயே சோதிக்கலாமென்றால்
பனிச் சாலை போட்டு வருடங்கள் ஆகிவிட்டன.
குளிர்காலம் இப்போது வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது.
கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி கப்பலில் போனேன்.
தீவில் இறங்கு பலகை விழுந்த நொடியில் பார்த்தால்
எழுபத்தைந்து நிமிடம்.
கப்பலும் அவர் கட்சி.

ஹெல்யுவின் தங்கை ஜனவரி முழுக்கப் போன் செய்கிறாள்.
எடுத்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல்,
"மைனஸ் ஒன்பது. பிடிக்குமா?"
துறைமுக ஓரத்தில் ஏதோ கண்ணாடி மாதிரி இருக்கிறது,
வாத்து ஏறினால் உடையும் என்கிறேன்.
"சரி" என்று வைத்துவிடுகிறாள்.

மாஸ்க்விச் என் கொட்டகையில் நிற்கிறது.
வாரம் ஒருமுறை பேட்டரிக்குச் சார்ஜ் போடுகிறேன்.
இடது கதவின் கீலுக்கு
எண்ணெய் விட்டாயிற்று.