வீழ்ச்சிக்கான காரணம்

ஏணியிலிருந்து விழுந்தவர்,
மாடிப்படியில் சறுக்கியவர்,
கூரைப்பனியைச் சுரண்டப் போய்
பனியோடு சேர்ந்து இறங்கியவர்:
இருபத்திரண்டு வருடமாக
விழுந்தவர்களுக்கு விலை போடுகிறேன்,
த்ருவா ரிவியேரில், காப்பீட்டு அலுவலகத்தின்
மூன்றாம் தளத்தில்.
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
வீழ்ச்சிக்கான காரணம்.
அஜாக்கிரதை என்று எழுதினால்
அநேகமாகச் சரியாக இருக்கும்.

செவ்வாய் இரவு. மைனஸ் இருபத்தொன்று.
மூடிப்போன காகித ஆலையின் கிடங்கில்
காலுறையோடு வரிசையில் நிற்கிறேன்.
ஏன் என்று மகன் கேட்டான்.
கட்டணத்தில் தள்ளுபடி என்றேன்.

காகிதச் சுருள்கள் கிடந்த இடத்தில் இப்போது வலை.
அதற்கு மேலே, எட்டு மீட்டரில், ஒரு பலகை.
என் சாப்பாட்டு மேசையில் பாதி இருக்கும்.

மரிலூ என் இடுப்புப் பட்டையை இறுக்கினாள்.
இதற்கு மேல் இறுக்கினால்
மதியம் தின்றது வெளியே வரும் என்றேன்.
அப்படியானால் சரியாக இருக்கிறது என்றாள்.
பிறகு பாடம்:
முட்டியை மாட்டு. கையை விடு. தலைகீழாகத் தொங்கு.
எதிர் ஊஞ்சலில் எலுவா வருவான்.
அவனை நீ பிடிக்காதே.
கையை மட்டும் நீட்டு, மணிக்கட்டை அவன் பிடிப்பான்.
பிடிக்கப் போகிறவர்கள்தான்
விரலை முறித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு முன்னால் தியேரி.
பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர்.
அறுபதாம் பிறந்தநாளுக்கு மகள்கள் தந்த பரிசு இந்த வகுப்பு.
பலகையில் நான்கு நிமிடம் நின்றார்.
நதி தெரிகிறது, உறைந்திருக்கிறது என்று
எங்களுக்குச் செய்தி சொன்னார்.
பிறகு ஒவ்வொரு படியாக இறங்கி வந்துவிட்டார்.
யாரும் சிரிக்கவில்லை.
அதன்பின் எல்லோருடைய மூக்குக்கண்ணாடியையும்
அவரே வாங்கி வைத்துக்கொண்டார்,
எது யாருடையது என்று ஒருமுறைகூடக் கேட்காமல்.

கண்ணாடி இல்லாமல்
எலுவா ஒரு மங்கல், அவ்வளவுதான்.
கம்பி நான் நினைத்ததைவிடக் கனம்.
ஒரு கையில் வாங்கியதுமே
என்னைப் பலகைக்கு வெளியே இழுத்தது,
கடைவீதியில் குழந்தை இழுப்பதுபோல.
ஹெப் என்றாள் மரிலூ.
அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கிடையாது.
கேட்டதும் செய்ய வேண்டும்.

தலைகீழாய் நின்றாலும் உன்னால் ஆகாது
என்று சொல்லிப் பிரிந்தவர் ஒருவர் இருக்கிறார்.
நின்றேன் என்று சொல்ல முடியாது.
தொங்கினேன்.
கைவிடப்படுவது எனக்குத் தெரியும்.
கை விடுவது வேறு.
எழுத்தில் பார்த்தால்
நடுவே சின்ன இடைவெளிதான்.
இங்கே அது எட்டு மீட்டர்.

முதல்முறை
விரல்கள் ஹெப்பைக் கேட்கவே இல்லை.
வெட்கத்தோடு வலைக்கு வந்தேன்.
இரண்டாம்முறை விட்டேன்.

உச்சியில் ஒரு கணம்
எடை என்னை விட்டுப் போய்
வேறெங்கோ வேலையாக இருந்தது.
ரத்தம் காதில் இரைந்தது.
மங்கலிலிருந்து இரண்டு கைகள் வந்தன,
சுண்ணாம்பு மணத்தோடு,
என் மணிக்கட்டைத் தொட்டன,
நான் பிடிக்கப் போனேன்.

பிடிக்காதே என்றுதானே சொன்னாள்.

வலை முதுகில் வாங்கியது.
மறுபடி தூக்கிப் போட்டது.
மறுபடி வாங்கியது.
கிஸ்லேன் கைதட்டினாள், நான் எதையோ சாதித்ததுபோல.
அண்ணாந்து கிடந்தபோது
எலுவாவின் காலி ஊஞ்சலில் எலுவா இன்னும்
தலைகீழாய் ஆடிக்கொண்டு
சாரி, சாரி என்று சொல்வது கேட்டது.
என் தப்புக்கு.

தியேரி கண்ணாடியை நீட்டினார்.
தன் சட்டையில் துடைத்திருந்தார்.
பிடித்ததா? என்றார்.

எதைக் கேட்கிறார் என்று தெரியவில்லை.
இல்லை என்றேன்.
ஆமாம் என்றேன்.

காரில் கண்ணாடிப்பனியைச் சுரண்ட
சுரண்டியை எடுத்தேன், விரல் மடங்கவில்லை.
முட்டிக்குப் பின்னால்
நாளைக்கு நீலமாகப் போகிற இரண்டு கோடுகள்.
எஞ்சின் சூடாகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.
தியேரியும் தன் காரில் உட்கார்ந்திருந்தார்.
அடுத்த செவ்வாய் வருவீர்களா என்று
சைகையில் கேட்டார்.
அல்லது கையுறையை உதறினார்.
பதிலுக்கு நான் இரண்டு கையையும்
தூக்கிக் காட்டினேன்.