மோதிர விரலால்

இருபத்தேழு பெயர்களைத் தடையில்லாமல் வாசித்தாள் ஆசிரியை.
இருபத்தெட்டாவது நான்.
ரெய்யோ லாஹ்தினென் என்பதைக்
கல் தடுக்கியவள் போலச் சொல்லி முடித்து
நிமிர்ந்து பார்த்தாள்.
"சரி, பெண்களே" என்று கிளம்பிய வாக்கியம்
பனிச்சாலையில் பிரேக் பிடித்த பஸ்ஸாகக்
கொஞ்சம் வழுக்கி நின்றது.
"சரி. எல்லோரும்."

எனக்கு நாற்பத்து மூன்று.
காகித ஆலையில் பத்தொன்பது வருஷம்,
நாலாம் நம்பர் இயந்திரம்.
போன அக்டோபரில் அதை நிறுத்தினார்கள்.
அன்றிரவு ஏரிக்கரையில் எங்கள் தெரு முழுக்க
விளக்கெரிந்தது.
சத்தம் இல்லாமல் யாருக்கும் தூக்கம் வரவில்லை.

சீருடை கடல்பச்சை.
இருந்ததிலேயே பெரியது,
ஆனால் பெண்ணுக்கு வெட்டியது.
மார்புக்கென்று பிடித்திருந்த இரண்டு மடிப்புகளையும்
மகள் ஐலா சமையல் மேஜையில் வைத்துப் பிரித்தாள்,
சிரிப்பை அடக்க ஊசியைக் கடித்துக்கொண்டு.
தையல் இருந்த இடத்தில்
இன்னும் புள்ளி புள்ளியாகத் தடம்.

டயர் கடையில் பழைய ஷிப்ட்காரன் டார்சி
கண்ணடித்துக் கேட்டான்:
"அங்க எத்தனை பொண்ணுங்க?"
இருபத்தேழு என்றேன்.
மருந்துக் கணக்கில் அறுபத்தொன்று வாங்கியதை
அவனிடம் சொல்லவில்லை.

முதல் வாரம் நாடி.
கட்டைவிரல் கூடாது, என்றாள் ஆசிரியை,
அதற்கே ஒரு துடிப்பு உண்டு,
அடுத்தவர் கையைப் பிடித்துக்கொண்டு
உங்களையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.
ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வையுங்கள்.

என் ஆள்காட்டி விரலின் நுனி
ஏதோ ஒரு காகித உருளைக்குள் சுற்றிப் போய்விட்டது.
எந்த ஊர்ச் செய்தித்தாளில்
எந்தப் பக்கத்தில் வெளிவந்ததோ.
கையுறை போட்டால் அந்த இடம் மட்டும்
காற்றில்லாமல் தொங்கும்.
ஆகவே நடுவிரலும் மோதிர விரலும்.

எதிரே டாரியா கக்கெகாமிக், பத்தொன்பது வயது,
விமானம் மட்டுமே போகும் வடக்கூர்க்காரி.
"கை ஐஸ் மாதிரி இருக்கு" என்றாள்.
அவள் மணிக்கட்டில் எதுவும் கேட்கவில்லை.
கேட்க முயன்றதுதான் தப்பு.

பேரிங் கெடுவதற்கு முன்னால்
கூட்டின் மேல் உள்ளங்கையை வைத்தால் தெரியும்.
காதுக்கு ஒரு வாரம் முன்பே கைக்குத் தெரியும்.
ஆலையில் யாரும் அதைச் சொல்லித் தரவில்லை,
அதற்குப் பெயரும் இல்லை.
அப்படி வைத்தேன்.
வந்துவிட்டது,
தோலுக்குக் கீழே சின்னதாக ஒரு ஆள் நடப்பது.
முப்பது விநாடியில் நாற்பத்தொன்று.
பிறகு அவள் என்னுடையதை எண்ணினாள்.
நூற்று நாலு.
"பயமா?"
ஆமாம்.

ஐந்தாம் வாரம் முதியோர் இல்லம்.
திருமதி பெனுவா, அறை பன்னிரண்டு,
ஆம்பிளை வேண்டாம் என்றார்.
அது அவர் உரிமை என்று பாடத்தில் இருந்தது.
இருந்தும் கொஞ்சம் சுருக்கென்றது.

டாரியா உள்ளே.
நான் திரைக்கு வெளியே,
சூடான துவாலைகளை இடைவெளி வழியாக
ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டு.
மூன்று நாள் என்னில் அவர் பார்த்தது
ஒரு கை மட்டும்.
நாலாம் நாள் உள்ளிருந்து குரல்:
"அந்த விரல் எங்கே?"
சொன்னேன்.
"எந்த மெஷின்?"
நாலு.
தண்ணீர் சொட்டும் சத்தம்.
"என் வீட்டுக்காரர் ரெண்டுல."
அவ்வளவுதான் பேச்சு.

இன்று திரை விலகவில்லை.
இடைவெளியில் ஒரு மணிக்கட்டு வந்தது,
நீலம் ஓடிய, ஈரமான மணிக்கட்டு.
"இதை மட்டும் பார். இதுக்கு மேல இல்ல."

நடுவிரல், மோதிர விரல்.
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலு வரவில்லை.
பிறகு அவசரமாக இரண்டு.
உள்ளங்கைக்குப் பழகிய பயம் அது.
டாரியாவின் நிழல் திரையில் அசையாமல் நிற்கிறது.
ஒழுங்கில்லாத நாடியைப் பாதியில் விட்டு
இரண்டால் பெருக்கக் கூடாது,
முழு நிமிடம் எண்ண வேண்டும்.
எண்ணுகிறேன்.