முதல் நொடி மலிவு

விபத்துப் படிவத்தில் ஐந்தாவது கேள்வி:
பொருள் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது?
எழுபத்தெட்டு மீட்டர், என்று எழுதினேன்.
ஆறாவது: காரணம்?
கை, என்று எழுதி
அடித்துவிட்டுக்
குளிர், என்று எழுதினேன்.

லெம்விக்குக்கு மேற்கே, கடல் கண்ணுக்கு எட்டும் தூரத்தில்
பதினேழாம் எண் காற்றாலை.
மேலே சோல்வை, இறக்கைகளின் கழுத்தில்
பழைய போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.
கீழே நான், பார்லி முளைத்த சேற்றில்,
அடுத்த பையைக் கயிற்றில் கட்டிக்கொண்டு.
ஹெல்மெட் போட்டிருந்தேன்.
அங்கிருந்து வரும் நானூறு கிராம் இரும்புக்கு
ஹெல்மெட் ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

இரவு, சமையலறை மேசையில், படிவத்தின் முதுகில்
பென்சிலால் அதை மறுபடி விழவைத்தேன்.
காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்கவில்லை;
இந்த உயரத்துக்கு அது சில்லறை.

கையை விட்ட கணத்தில் அதன் வேகம் சுழியம்.
இதை நம்பத்தான் நேரமாயிற்று.
கையில் இருந்தபோது எவ்வளவு சும்மா இருந்ததோ
விடுபட்டபோதும் அவ்வளவு சும்மா.
ஒரே வித்தியாசம்,
அடியில் கை இல்லை.

முதல் நொடி: ஐந்து மீட்டர்.
எங்கள் கூரையிலிருந்து பூனை குதிக்கிற தூரம்.
அடுத்த நொடி பதினைந்து.
அதற்கடுத்தது இருபத்தைந்துக்கு அரை குறைவு.
நாலாவது முப்பத்து நாலு.
முதல் நொடியை ஒன்று என்று வைத்தால்
ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு;
இரட்டைப்படையைத் தொடாமல் இறங்கி வந்திருக்கிறது.

பூமி மூர்க்கமானது என்று நினைத்திருந்தேன்.
இல்லை, குமாஸ்தா.
நொடிக்கு நொடி ஒரே அளவு அளந்து போடுகிறது,
பத்துக்குக் கொஞ்சம் குறைவாக.
முதல் நொடிக்குப் போட்டதைவிட நாலாம் நொடிக்கு
ஒரு பிடி அதிகம் போடவில்லை.
போட்டதைத் திரும்ப எடுக்கவும் இல்லை.
அதுதான் விஷயம்.
கூடிக்கொண்டே போனது வேகம்;
கூட்டியது கூடவே இல்லை.

சோல்வை ஒன்றரை நொடி வாய் திறக்கவில்லை.
அவளே சொன்னாள், என்னைப் பார்க்காமல்.
திறந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.
அதற்குள் போல்ட் பதினோரு மீட்டர்தான் வந்திருந்தது.
கடைசி ஒன்றரை நொடியின் விலை நாற்பத்தெட்டு.
திகைப்பவர்களுக்காகத்தான்
முதல் நொடியை மலிவாக வைத்திருக்கிறது போல.

பிறகு கத்தினாள்.
என் பெயரும் அல்ல, எச்சரிக்கைச் சொல்லும் அல்ல.
வெறும் "ஏ".
ஒலி வேகம் சேர்த்துக்கொண்டு வருவதில்லை,
புறப்படும்போதே முழு வேகம்.
வழியில் போல்ட்டைத் தாண்டியது.
அதற்கும் கேட்டிருக்கும்.

கத்தினால் அண்ணாந்து பார்க்காதே,
கோபுரத்தோடு ஒட்டிக்கொள்:
பயிற்சியில் மூன்று நாள் இதைத்தான் சொன்னார்கள்.
நான் அண்ணாந்து பார்த்தேன்.
இரும்பு தெரியவில்லை. ஒரு கையுறை தெரிந்தது.
அதுவும் அதே கணத்தில் நழுவியதுதான்.
ஆனால் காற்று அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு
அவசரமில்லாமல் பக்கத்து வயலுக்கு
நடத்திக் கூட்டிப்போனது.
அது எங்கே போகிறது என்று பார்க்க
ஓரடி நகர்ந்தேன்.

அந்த ஓரடியைப் படிவத்தில் எழுதவில்லை.
விதிமுறைப்படி ஒதுங்கினார், என்று இருக்கிறது.

என் இரண்டு காலடித் தடங்கள்,
நடுவே ஒரு துளை.
முழங்கை மட்டும் கைவிட்டு எடுத்தேன்.
நாலு நொடியில் அது வந்த தூரத்தை
லிப்டில் இறங்கி முடிக்க
சோல்வைக்கு ஆறு நிமிடம் ஆயிற்று.

சேற்றைக் கழுவிக் கொடுத்தேன்.
ஒன்றும் பேசாமல் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள்.
கனம் என்று நாம் சொல்வது
விழ வேண்டிய ஒன்று
விழாமல் இருப்பது.
அவள் கை லேசாகத் தாழ்ந்தது.
மற்றொரு கையையும்
அடியில் கொடுத்தாள்.