இரண்டு சாய்கோடுகள்

மட்டம் = மட்டம் - 7;

இந்த ஒரு வரிக்காகத்தான்
கேம்பிரிட்ஜிலிருந்து ஈலிக்கு ரயிலேறினேன்.
நவம்பர். மழை. ஈரக் காலுறை.
வயல்நீரை இறைக்கும் பம்ப்பை ஓட்டுகிற நிரல்,
அரை நூற்றாண்டுப் பழசு.
ஏன் ஏழு? யாருக்கும் தெரியவில்லை.
எடுத்துவிடட்டுமா என்று கேட்டால்
ஐயோ தொடாதே என்றார்கள் அலுவலகத்தில்.
காரணம் தெரியாத எண்ணுக்குக்
கோயில் கட்டாத குறைதான்.

கிழக்கு மூலைச் சர்க்கரைக்கிழங்கு வயலோ
ஒவ்வொரு தையிலும் முழங்கால் தண்ணீரில் நிற்கிறது.
பம்ப் ஓடாமல் இல்லை, ஓடும்,
பந்தி முடிந்தபின் வந்து
இலை கேட்பவனைப் போல.

ஜன்னலில் கருப்பு மண் ஓடியது.
நான் அந்த மொழியின் வம்சத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.
முதலில் மாளிகைதான் கட்டப் பார்த்தார்கள்
கேம்பிரிட்ஜும் லண்டனும் சேர்ந்து;
எல்லாம் செய்யும் மொழி,
முடியவே இல்லை.
அதிலிருந்து ஒரு கதவும் நாலு உத்திரமும் எடுத்துக்
குடிசை போட்டார் ஒருவர். அதன் பெயர் பிசிபிஎல்.
அதற்குள் ஒரே ஒரு வகைதான்: சொல்.
எண்ணும் சொல், எழுத்தும் சொல், முகவரியும் சொல்.
எதை எதோடு கூட்டச் சொன்னாலும்
கூட்டிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும்.
இரண்டு சாய்கோடு போட்டுவிட்டால்
வரி முடியும்வரை மனிதர் பேசலாம்,
இயந்திரம் காதைப் பொத்திக்கொள்ளும்.

பிறகு மொழி கடல் தாண்டியது.
அக்கரையில் சின்ன இயந்திரம், இத்தனூண்டு நினைவகம்.
சுருக்கிச் சுருக்கிப்
பெயரே ஓரெழுத்தாயிற்று, பி.
அதற்கடுத்தது சி.
ஒற்றைச் சொல் வகைவகையாய்ப் பிரிந்து
தனித்தனிப் பந்தியில் உட்கார்ந்தது.
சாய்கோடுகள் இரண்டும்
வழியில் எங்கோ விழுந்துவிட்டன.

நம்மிடமும் நடந்ததுதானே.
எழுத்தாணி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று
புள்ளியை விட்டுவிட்டு எழுதினார்கள்.
மெய்யா உயிர்மெய்யா,
படிக்கிறவர் பாடு.

பம்ப் அறையில் டென்னிஸ் லீப்
பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினார்.
பழைய தாள் ஏதும் உண்டா என்றேன்.
கிரீஸ் டப்பாக்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார்.
அடியில் விரித்திருந்தது, ஓரமெல்லாம் துளையிட்ட
அச்சுத்தாள், எண்ணெய் குடித்து மஞ்சளாய்.
எழுபத்தாறில் எட்னா ஃபெல்ஸ்டெட் எழுதியது.
எண்பத்தைந்தில் எம்ரிஸ் பக் அதைச் சி-க்கு மாற்றினார்;
சாய்கோட்டு வரிகளைப் பார்த்து முறைத்தது புதுமொழி.
பக்குக்கு அவசரமோ அலுப்போ,
மூலத்தை வைத்துக்கொண்டு
உரையை எறிந்துவிட்டார்.

டப்பா வளையத்துக்குள் எட்னா பேசினாள்:

// கரையோடு சேர்ந்து அளவுப்பலகையும்
// ஏழு அங்குலம் அமிழ்ந்துவிட்டது.
// பலகையைச் சரிசெய்தால்
// இந்த வரியை எடுத்துவிடவும். எ.ஃபெ.

லீப், பலகையை எப்போதாவது மாற்றினீர்களா?
"தொண்ணூற்றாறில். கான்கிரீட் தூண்.
இன்றுவரை மயிரிழை பிசகவில்லை"
என்றார், பெருமையாக.
நான் எதுவும் சொல்லவில்லை.
இருபத்தெட்டு தை.

மடிக்கணினியைக் கிரீஸ் டப்பா மேல் வைத்துத் திறந்தேன்.
விழுந்த சாய்கோடுகள் எப்போதோ எழுந்துவிட்டன;
சி-யின் பிள்ளை தேடி எடுத்துவந்தது முதலில்,
வெகுகாலம் கழித்துச் சி-யும்
சரி இருந்துபோகட்டும் என்றது.
அந்த வரியை நான் அழிக்கவில்லை.
அதற்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டேன்,
ஆணையாய் இருந்தது பேச்சாயிற்று.
கீழே எட்னாவின் நாலு வரியையும் அப்படியே தட்டினேன்,
தேதியோடு, தூணோடு,
லீப்பின் பெயரையும் சேர்த்து.

நாலு மணி இருக்கும்.
வாய்க்கால் இன்னும் நிறையவில்லை.
பம்ப் ஒருமுறை இருமி
ஓடத் தொடங்கியது.
லீப் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"இவ்வளவு சீக்கிரமா?" என்றார்.
கையில் தேநீர் ஆடியது.