ஒற்றை நட்சத்திரம்

ஆறு அமர்வுகள் என்று ஒப்பந்தம்.
ஐந்தாவதற்குப் போனபோது
கல்மண்டபத்து கேரம் கிளப் பூட்டியிருந்தது.
எட்டியப்பனின் ஆட்டோ பின்சீட்டிலேயே
லேப்டாப்பைத் திறந்தேன்.

போன வாரம் கேட்டிருந்தேன்,
ஒரு ட்ரிப்புக்கு என்ன செலவு?
கேஸ் பில்லின் பின்பக்கம் எழுதி வந்திருந்தார்:
கேஸ் நூற்றுப் பத்து
நாலு பேருக்கு அத்தோ இருநூற்று நாற்பது
ஏலம் விடுகிறவருக்கு ஒரு டீ
"யாரு இவங்க?" என்று கேட்கிறவருக்கு இன்னொரு டீ.
அவ்வளவுதான்.

ராத்திரி மூன்று மணிக்கு எழுந்தது எங்கே என்றேன்.
சிரித்தார்.
"அதுக்கெல்லாமா மேடம் காசு?"
நான் சிரிக்கவில்லை.
எனக்கு மணிக்கணக்கில் சம்பளம்,
கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டி போகக் காத்திருந்த
நாற்பது நிமிடமும் சேர்த்து.
அதைச் சொல்லாமல்
ஒரு வரி சேர்த்தேன்:
தூக்கம், முந்நூறு.

அன்றைக்கு அவர் வந்தது விலைக்காக அல்ல.
போனை நீட்டினார்.
யாரோ ஒருவர் பெங்களூருக்குத் திரும்பிப் போய்
ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்:
மீன் நாற்றம். ஷூ பாழ்.

என் பதினேழாம் ஸ்லைடில் விடை இருக்கிறது.
நன்றி சொல். வருந்து. திருத்துவதாக வாக்குக் கொடு.
எதைத் திருத்துவது,
காசிமேட்டையா?
இருந்தாலும் தட்டினேன்:
தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு…

"அசௌகரியம்னா?"
சொன்னேன்.
கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழத்தைக்
கொஞ்ச நேரம் திருகிக்கொண்டிருந்தார்.
"தம்பி லாஞ்சுல போறான் மேடம்.
தடைக்காலம் அறுபத்தோரு நாளு
ஹார்பர் ஒண்ணும் நாறாது.
அப்பதான் எங்க வூட்ல அசௌகரியம்."

லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்.
செவப்பைப் போட்டுட்டா பத்தாது, ஃபாலோ போடணும்
என்று முனகியபடி
ஒற்றை விரலால் அடித்தார்:

வந்ததுக்கு நன்றி சார்.
ஷூவுக்கு மன்னிச்சிடுங்க,
இனி செருப்பு போட்டு வரச் சொல்றோம்.
வாசனை மீன் வந்த அன்னிக்கு மட்டும்தான்.
அதுக்கு தனியா சார்ஜ் கிடையாது.

இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன.
விட்டுவிட்டேன்.
'அனுப்பு' என்பதை அவரே அழுத்தினார்,
ஸ்டிரைக்கரைச் சுண்டுகிற விரலால்.

பேரம் பேச யாருமே இல்லாத அந்த ஆட்டோவில்
எப்போது செய்தாரோ தெரியாது.
கேட்டில் மறுபடி நின்றபோதுதான் பார்த்தேன்,
தூக்கம், இருநூற்றைம்பது என்றிருந்தது.

ஆறாவது அமர்வு
அந்த ஐம்பது ரூபாயைப் பற்றி.