வெள்ளை எழுத்து

பாடாங் செராய். இரவு ஒன்பதே கால்.
போட்டோஸ்டேட் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
தவமலரின் பயோடேட்டாவைத் திறக்கிறேன்,
நான்காம் முறையாக.

முதலில் படத்தை எடுத்தேன்.
பிறகு கட்டங்களை,
ஓரத்து ரோஜாவை.
இயந்திரம் பூ வாசிக்காது.

‘செம்பனைக் குலை நிறுக்கும் வேலை, எட்டு வருஷம்’
என்றிருந்ததை
‘சரக்கு இருப்புக் கட்டுப்பாடு’ ஆக்கினேன்.
கம்பெனி விளம்பரத்தில் கண்ட அதே சொல்,
எழுத்துப் பிசகாமல்.
“நான் செஞ்சது அதுவா?”
அதேதான் என்றேன்.
“அப்ப சம்பளம் ஏன் அப்படி வரல?”

பெயரில் இருந்த சாய்கோட்டைப்
படிவம் ஏற்கவில்லை.
அனுமதியற்ற குறியீடாம்.
மகளுக்கும் தகப்பனுக்கும் நடுவிலிருந்த
அந்தச் சின்னக் கோட்டை அழித்தேன்.
காலை லோரியில் நிற்பதுபோல்
இரண்டு பெயரும் இடித்துக்கொண்டு நின்றன.

கடைசியாக என் வித்தை:
பக்கத்தின் அடியில்
வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாய்
இருபது திறமைகள்.
மனுஷக் கண்ணுக்குப் படாது,
இயந்திரம் மட்டும் பொறுக்கிக்கொள்ளும்.

அவள் திரையருகே குனிந்தாள்.
“குலைக்கு அடியில தண்ணி டிரம்மை மறைச்சு வச்சிட்டு
தராசு மேல ஏறுவானுங்க.
லோரி குலுங்குற சத்தத்திலயே தெரிஞ்சிரும்.
எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன்.
அழிங்க அதை.”

அழித்தேன்.
கேட்காமலே ஒரு வரி சேர்த்தேன்,
கறுப்பில்:
‘எடை மோசடி கண்டறிதல்.’
எந்த விளம்பரமும் தேடாத சொல்.

அனுப்பும் பொத்தானை அவளே அழுத்தினாள்.
“மூணு வெள்ளிதானே?”
சில்லறையை எண்ணி,
உள்ளங்கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்து,
மேசையில் வைத்தாள்.